பத்தரை மணி முகூர்த்தம்

பெரியப்பாவுக்கு நடுக்க வருத்தம் வந்த பிறகு எங்கள் வளவில் எல்லாவற்றுக்கும் குளிசைதான் நேரம் குறித்தது. அவர் அப்பாவின் அண்ணன். பண்டத்தரிப்பில் எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வேலிக்குள் இருந்தன. பார்க்கின்சன் என்று மானிப்பாயில் வைத்தியர் சொன்ன பெயரை அப்பா துண்டில் எழுதி வந்து வாசித்துக் காட்டினார். ஒருவருக்கும் அது வாயில் நிற்கவில்லை. நடுக்க வருத்தம் என்றே விட்டுவிட்டோம்.

குளிசை விழுங்கி முக்கால் மணித்தியாலத்தில் அவருடைய கை அடங்கும், கால் இளகும். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கரண்ட் வாறது’. அந்த நாட்களில் ஊரில் மின்சாரமும் அப்படித்தான் வந்து வந்து போனது. கரண்ட் நிற்கிற நேரத்துக்குள் அவர் சவரம் செய்து, குளித்து, வெங்காயத் தோட்டம் பார்த்து, சைக்கிளில் சந்திக் கடைக்கும் போய்த் திரும்பிவிட வேண்டும். பிந்தினால் சைக்கிளை ஒருவர் உருட்ட, அவரை இன்னொருவர் கூட்டிவர வேண்டியிருக்கும். வெறுவயிற்றில் விழுங்க வேண்டிய குளிசை என்பதால் சோறும் அதைக் கேட்டுத்தான் கோப்பைக்கு வந்தது. இந்தக் கணக்கு முழுவதும் பெரியம்மாவின் தலையில் இருந்தது. தேங்காய் துருவும்போதும் அவருடைய ஒரு கண் மணிக்கூட்டில் இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அக்காவுக்கு, அதாவது பெரியப்பாவின் ஒரே மகளுக்கு, கலியாணம் பேசி முடிந்தது. தாரை வார்த்துக் கொடுப்பதை அப்பா செய்யட்டும் என்று சொந்தக்காரர் சிலர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்கள். பெரியப்பா ஒரே வார்த்தையில் நிறுத்தினார்.

“பெத்தவன் குந்தியிருக்க, குடுக்கிறதுக்கு ஆள் பிடிக்கிறதோ?”

அன்றிலிருந்து பின்னேரங்களில் ஒத்திகை நடந்தது. பொம்பிளை நான். மாப்பிள்ளை, பக்கத்தில் போட்ட வெறுங்கதிரையின் கை. கரண்ட் வந்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்துக் கதிரைக் கையின் மேல் வைப்பார். பெரியம்மா செம்பிலிருந்து தண்ணீர் வார்ப்பார். ஒரு சொட்டு வெளியே தெறிக்காவிட்டால் அன்று வெற்றி. நான் ஒவ்வொரு நாளும் கலியாணம் முடித்துக்கொண்டு, ஈரக் கையோடு பள்ளிக்கூடப் பாடம் எழுதப் போனேன். அப்படி ஒரு சந்தோஷமான மாதம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்த காலம் அது. பள்ளிக்கூடமும், அப்பா வேலை பார்த்த கந்தோரும், பஸ்ஸும் புது நேரத்தில் ஓடின. கோயிலும் பஞ்சாங்கமும் பழைய நேரத்தை விடவில்லை. பெரியப்பா வீட்டு முன்னறை மணிக்கூடு புது நேரம் காட்டியது, சாமியறை மணிக்கூடு பழைய நேரம் காட்டியது. குளிசைக்கு அரசாங்கம் தெரியாது என்று சொல்லி, பெரியம்மா அதைச் சாமியறை மணிக்கூட்டோடு சேர்த்துவிட்டார்.

ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொன்ன பழைய நேரப் பத்து மணியைக் கந்தோர்க்காரரான அப்பா புது நேரமாக மாற்றி அச்சுக்குக் கொடுத்தார். கலியாணக் கார்ட்டில் காலை பத்தரை என்று விழுந்தது. எந்த நேரம் என்று போடவில்லை. பெரியம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. முகூர்த்தம் சாமி காரியம், அது பழைய நேரமாகத்தான் இருக்கும்.

கலியாணத்தன்று விடிய விழுங்கிய குளிசையின் கரண்ட் போய், பெரியப்பா சாமியறையில் கதிரையில் இருந்தார். பட்டு வேட்டிக்குமேல் வலக்கை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பெரியம்மா சாமியறை மணிக்கூட்டில் ஒன்பதே முக்கால் ஆனதும் அடுத்த குளிசையைக் கொடுத்துத் தண்ணீரும் பருக்கினார். அது தொண்டையால் இறங்கிக் கொஞ்ச நேரம்தான். பந்தலிலிருந்து ஐயரின் குரல் கேட்டது.

“பொம்பிளையின்ரை தகப்பனைக் கூட்டிவாங்கோ.”

பெரியம்மா வாசலுக்கு ஓடினார். “என்னையா, இன்னும் நேரம் கிடக்கெல்லே?”

“எந்த நேரத்திலை, அம்மா?” என்றார் ஐயர்.

அப்பாவுக்கு அந்த இடத்தில் வேர்த்தது. “அண்ணி, கார்ட்டிலை போட்டது புது நேரமெல்லே.”

“முகூர்த்தத்தைப் போய் ஆரும் கந்தோர் நேரத்திலை அடிப்பினமோ?”

எனக்குப் பயம் வரவில்லை. ஓட்டப்போட்டியில் விசிலுக்குக் காத்து நிற்பதுபோல இருந்தது. கரண்ட் முந்துமா, முகூர்த்தம் முந்துமா?

“அண்ணை, நான் குடுக்கட்டே?” என்று அப்பா கேட்டார்.

“நீ அரை மணித்தியாலம் குடுத்ததே காணும்,” என்று சொல்லிப் பெரியப்பா எழுந்தார்.

எழுந்தவருக்குக் கால் வரவில்லை. நிலத்தில் ஒட்டிவிட்டது. பெரியம்மா ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்தோம். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் தவில் எழுந்தது. அடி விழ விழ அவருடைய கால் அதோடு சேர்ந்து கிளம்பியது. வாசல் தாண்டி, முற்றம் தாண்டி, தவில்காரர் மூச்சு வாங்குவதற்குள் மணவறைக்கு வந்துவிட்டோம். எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது.

பெரியப்பா ஐயரின் காதில் சொன்னார்: “கொஞ்சம் இழுங்கோ ஐயா. கரண்ட் வரேல்லை.”

“நான் இழுப்பன். முகூர்த்தம் இழுபடாதே.”

ஆனாலும் இழுத்தார். எங்கள் பரம்பரையில் யாருக்கும் தெரியாத பாட்டன்மாரின் பெயர்களையெல்லாம் ஆறுதலாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. பெரியப்பா அக்காவின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கைமேல் வைத்தார். மூன்று கைகளும் ஒன்றாக நடுங்கின. கைக்குள் வைத்த வெற்றிலை சரிந்தது. அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னே வந்தார். பெரியம்மா செம்பைச் சரிக்கப் பயந்து நின்றார்.

அப்போது மாப்பிள்ளையின் இடக்கை எங்கிருந்தோ வந்து பெரியப்பாவின் கைக்கு அடியில் சேர்ந்தது. கதிரைக் கை ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை என்பதால் எனக்கு அது பிழையாகப் பட்டது. ஆனால் பெரியப்பாவின் நடுக்கம் நின்றுவிட்டது. பெரியம்மா தண்ணீரை வார்த்தார். ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

“பெரியப்பாவுக்குக் கரண்ட் வந்திட்டுது,” என்று நான் கத்தினேன். பந்தல் முழுவதும் சிரித்தது. குளிசை வயிற்றுக்குள் போய்க் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை என்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை.

“தம்பி, இனி விடலாம்,” என்றார் ஐயர்.

மாப்பிள்ளை அக்காவின் கையை விட்டார். பெரியப்பாவின் கையை விடவில்லை.

“மாப்பிள்ளை, உது மாமன்ரை கை. பொம்பிளை மற்றப் பக்கம்,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. மாப்பிள்ளைக்கு முகம் சிவந்தது. ஆனாலும் பெரியப்பாவைக் கதிரையில் இருத்தும்வரை அவர் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

எல்லோரையும்விட நான்தான் கூடச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. யாருடைய கையைப் பிடிப்பது என்றே தெரியாத ஒருவரோடு அக்கா எப்படிக் காலம் தள்ளப்போகிறாள் என்று யோசித்தேன்.