வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு கருத்தரங்கு

1. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை

"உங்க கிளப் என்னதான்ப்பா பண்ணுது?" என்று டீன் கேட்டார்.

நான் அந்த கிளப்புக்கு ஒன்றரை வருடமாகச் செயலாளர். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சமூகத்துல சமயத்தோட பங்கு என்னன்னு ஆராயறோம் சார்."

"ஆராய்ஞ்சு?"

"விவாதிக்கிறோம் சார்."

"விவாதிச்சு?"

டீக்குப் போய்விடுவோம் என்பது உண்மை. ஆனால் டீனிடம் எல்லா உண்மையையும் சொல்லக்கூடாது என்பது செயலாளர் வேலையின் முதல் பாடம்.

டீன் விஷயத்துக்கு வந்தார். தரச் சான்று கமிட்டி வரப்போகிறது. ஒவ்வொரு கிளப்பும் இந்த செமஸ்டருக்குள் ஒரு கருத்தரங்காவது நடத்தி, ஹால் நிறைந்திருக்கும், இடமும் தேதியும் பதிந்த ஜியோ-டேக் போட்டோவோடு ரிப்போர்ட் தர வேண்டும். தராத கிளப் கலைக்கப்படும். எங்கள் அறை யோகா கிளப்புக்குப் போகும்.

கிளப்பைக் கலைப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அறைதான் கவலை. அடையாறில் எங்கள் கல்லூரியின் மெயின் பிளாக்கில், மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை அது. பழைய வினாத்தாள் கட்டுகள் வைத்திருந்த இடம். அதில் ஒரு மேசையும் சாத்தினால் சாத்திக்கொள்கிற கதவும் இருந்தன. எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில். ஐந்து பேர், ஒரே அறை, ஒரு டிவி. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் என்பதால், படிக்கிறவனுக்குச் சத்தம் ஆகாது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அவர்கள் எங்கே போவார்கள்? எம்.ஏ. ஆய்வறிக்கையை நான் எழுதிக்கொண்டிருந்தது அந்த மாடிப்படிக்குக் கீழேதான். மற்றவர்களுக்கு அது கிளப் ரூம். எனக்கு அது பட்டம்.

"நடத்திடறோம் சார்," என்றேன்.

2. தேதி குறித்த விதம்

தலைவர் கவின். அடையாறிலேயே சொந்த அபார்ட்மென்ட். மதம் எப்படி உருவானது, எப்படி வளர்ந்தது, எப்போது ஒழியும் என்று மூன்று பகுதிகளாகப் பேசுவான். நல்ல பையன். எல்லாருக்கும் டீ வாங்கித் தருவான். அவன் பேசி முடிக்கும்வரை டீயைக் குடிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பேச்சாளர்களை ஒரே நாளில் பிடித்தோம். மயிலாப்பூரிலிருந்து ராகவன் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர். சாந்தோமிலிருந்து ஸ்டெல்லா டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய், தொழிலதிபர் என்று போஸ்டருக்காக நாங்களே பட்டம் கொடுத்தோம். மதத்துக்கு ஒருவர். நல்லிணக்கத்தை இந்த ஊரில் இப்படித்தான் எண்ணிக்கையில் சரிபார்ப்பார்கள்.

ஹால் காலியாக இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து ஒன்றரை வரை. புக் செய்தோம், டீன் கையெழுத்துப் போட்டார், போஸ்டர் அடித்தோம். மதிய உணவு பிரியாணி என்று பெரிய எழுத்திலும், தலைப்பு சமூகத்தில் சமயத்தின் பங்கு என்று சிறிய எழுத்திலும் போட்டோம். தொண்ணூறு பேர் பெயர் கொடுத்தார்கள். சமயத்தின் பங்கு பற்றி மாணவர்களிடம் இவ்வளவு தாகம் இருப்பது கண்டு கவின் நெகிழ்ந்துபோனான்.

பிறகுதான் நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து நேரத்தைச் சொன்னேன். முதலில் ராகவன் சார்.

"வெள்ளிக்கிழமை பத்தரையா? ஏம்ப்பா, ஆத்துல காலண்டர் இல்லையா? பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகு காலம்னா! அப்போ போய் ஆரம்பிப்பாளா யாராவது?"

"பன்னிரண்டுக்கு வெச்சுக்கலாம் சார்," என்று சொல்லிவிட்டு பஷீர் பாய்க்குப் போட்டேன்.

"பன்னெண்டா? தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ இருக்குல்ல. பன்னெண்டே காலுக்கெல்லாம் நான் கிளம்பணும். நீங்க மதத்தைப் பத்தி ஆராயற கிளப்புன்னுதான சொன்னீங்க?"

ஸ்டெல்லா டீச்சருக்கு நேரம் பிரச்சினை இல்லை. "பிரியாணின்னு போஸ்டர்ல பார்த்தேம்ப்பா. தவக்காலத்து வெள்ளிக்கிழமை நாங்க கவுச்சி தொட மாட்டோம். பரவால்ல, பிள்ளைங்களுக்குப் போடுங்க. நான் வேடிக்கை பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

கிளப்பில் ஒன்பது பேர். அதில் நான்கு பேர் சமயச் சமூகவியலில் ஆய்வு செய்கிறவர்கள். சடங்கின் செயல்பாடு பற்றி அறுபது பக்கம் எழுதியவர்கள் உண்டு. ஒருவரிடமும் தினசரிக் காலண்டர் இல்லை.

3. பாண்டி பஜார் யோசனை

மறுநாள் பஷீர் பாயை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். பாண்டி பஜாரிலிருந்து பிரியும் சந்தில் கடை. கல்யாணக் கூட்டம் ஒன்று பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. பஷீர் பாய்க்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காதில் போன், இன்னொரு காதால் நான் சொல்வதைக் கேட்டார். என் கதையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை ராகு காலத்தைப் போய் என்கிட்ட சொல்றியா? இருபது வருஷமா அதுலதான தொழில் பண்றேன். கல்யாணப் பொடவை எடுக்க வர்றவங்க என்ன பண்ணுவாங்க தெரியுமா? பத்தரைக்கு முன்னாடி ஓடிவந்து ஒரே ஒரு ஜாக்கெட் பிட்டு எடுத்து பில் போட்ருவாங்க. அவ்ளோதான், ஆரம்பிச்சாச்சு. அப்புறம் ராகு காலம் பூரா நிதானமா உக்காந்து நூறு பொடவை பொரட்டுவாங்க. எந்த ராகுவும் ஒண்ணும் கேக்காது."

"அதனால?"

"பத்தேகாலுக்கு விளக்கை ஏத்திருங்க. ஃபங்ஷன் ஆரம்பிச்சாச்சு. சாரை மொதல்ல பேசவுடுங்க, என்னை ரெண்டாவதா போட்டு பன்னெண்டேகாலுக்கு அனுப்பிருங்க. நான் விளக்கேத்த மாட்டேன், கூட நிக்கறேன்."

அறுபது பக்கம் எழுதியவர்களுக்குக் கிடைக்காத விடை ஒரு ஜாக்கெட் பிட்டில் கிடைத்தது. ராகவன் சாருக்குப் போன் செய்தேன். "பேஷ்! பாய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே," என்றார். அவருக்குச் சம்மதம். ஸ்டெல்லா டீச்சருக்குச் சம்மதம். சம்மதமில்லாதவர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

4. கொள்கை

"முடியாது மச்சி," என்றான் கவின். "ஜும்ஆ வேற, அது வழிபாட்டு உரிமை. ராகு காலம் மூடநம்பிக்கை. அதுக்கு நம்ம கிளப் வளைஞ்சு குடுத்தா, நாம எதுக்கு இருக்கோம்?"

"ரூமுக்காக," என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"அவர் நம்ம கெஸ்ட்டுடா. பதினஞ்சு நிமிஷம் முன்னாடி விளக்கு ஏத்தறதுல என்ன குறைஞ்சுடும்?"

அவன் என் தோளில் கை வைத்தான். "எனக்குப் புரியுது. ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்ல இந்த பயம் கொஞ்சம் இருக்கும். நான் ஜட்ஜ் பண்ணல மச்சி."

இவ்வளவு அன்பாக என்னை யாரும் அதற்குமுன் அவமானப்படுத்தியதில்லை. நான் பயந்தது ராகுவுக்கு அல்ல, டீனுக்கு. என் அம்மா அபிராமபுரத்தில் மூன்று வீடுகளில் சமைக்கிறார். காலையில் ஆறரைக்கு முதல் வீடு. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கும்போது இரண்டாவது வீட்டு வாசலில் நிற்பார். நல்ல நேரம் பார்த்து அந்த வீட்டுக்குள் நுழைவேன் என்று அவர் சொன்னால், மறுநாள் வேறு அம்மா அங்கே சமைத்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கிற வசதி கிடையாது. இதைக் கவினிடம் சொல்லவில்லை. அவனுக்கு எதிரில் எனக்குப் பேச்சு எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும்.

கவின் கருத்தரங்கைப் புறக்கணித்தான். போவதற்கு முன், தலைவர் என்ற முறையில் கடைசியாக ஓர் உத்தரவு போட்டான்: எல்லாரையும் உள்ளடக்கும் நோக்கில் மதிய உணவு சாம்பார் சாதம், தயிர் சாதம். அன்று மாலைக்குள் தொண்ணூறு பெயர்கள் பதினான்காகின. தாகம் தணிந்துவிட்டது.

5. நடைபாதையில் விளக்கு

வெள்ளிக்கிழமை பத்து மணி. ஹாலுக்குள் பி.காம். இறுதியாண்டுக்கு வேலைவாய்ப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அது பத்தரைக்குத்தான் முடியும். ஆகவே குத்துவிளக்கை வெளியே, நடைபாதையில், கழிப்பறைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில் வைத்தோம். ஹால் பொறுப்பாளர் தேவராஜ் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, பாத்ரூமாண்ட விளக்கு ஏத்திக்கினு கீறீங்க? உள்ள கீற பசங்களை நான் வேணா வெளில தள்ளவா?"

"தள்ளாதீங்க!" என்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள்ளே நூறு பேர் இருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது நூறு பேர். பயிற்சி நடத்தியவரிடம் ஓடிப்போய்க் கெஞ்சினேன். அவர் மைக்கில் அறிவித்தார்: "அட்டென்டன்ஸ் அடுத்த ப்ரோக்ராம் முடிஞ்சதும்தான்." உள்ளேயிருந்து ஒரு முனகல் எழுந்தது. நான் கேட்டதிலேயே இனிமையான முனகல்.

வெளியே கடற்காற்று. ராகவன் சார் ஒரு திரி ஏற்றினார், அணைந்தது. ஸ்டெல்லா டீச்சர் மெழுகுவத்தியால் ஏற்றினார், அதுவும் அணைந்தது. மணி பத்து இருபத்தொன்று. "சீக்கிரம்ப்பா, சீக்கிரம்," என்று சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஏற்றமாட்டேன் என்று தள்ளி நின்ற பஷீர் பாய், தன் கடைப் பெயர் போட்ட துணிப்பையைப் பிரித்து இரண்டு கையாலும் காற்றுக்குக் குறுக்கே பிடித்தார். "இப்ப ஏத்துங்க சார். நான் கடையைத்தான் விளம்பரம் பண்றேன்." ஐந்து திரியும் பிடித்துக்கொண்டன. போட்டோ எடுத்தோம். நல்லிணக்கத்துக்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது. பின்னால் "ஆண்கள்" என்று மட்டும் பலகை தெரிகிறது.

6. பின் வரிசை

கருத்தரங்கு சிறப்பாக நடந்தது என்றால் அது பொய். ராகவன் சார் இருபது நிமிடத்தில் முடிப்பதாகச் சொல்லி ஐம்பது நிமிடம் பேசினார். துண்டுச் சீட்டு கொடுத்தேன், படித்துவிட்டு ரசித்துச் சிரித்து மடியில் வைத்துக்கொண்டார். நூறு பேரும் குனிந்த தலை நிமிராமல் போன் பார்த்தார்கள். நிறைந்த ஹாலை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டேன். பஷீர் பாயும் ஸ்டெல்லா டீச்சரும் சுருக்கமாகப் பேசினார்கள். மணி பன்னிரண்டு ஆனது. கேள்வி உண்டா என்று கேட்டேன்.

ஒரு பையன் எழுந்தான். "சார், இன்டர்வியூ ஸ்லாட் ராகு காலத்துல வந்தா மாத்தச் சொல்லிக் கேக்கலாமா?"

ஹால் நிமிர்ந்தது. நூறு போனும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன.

"கேட்டுப் பாரு. மாத்தலேன்னா ஆத்துலேர்ந்து அதுக்கு முன்னாடியே கிளம்பிடு, போறும்," என்றார் ராகவன் சார்.

"பரிட்சைன்னா மாதா காலடியில ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து வெக்கிறவங்கள்ல பாதிப் பேரு எங்க மதமே கிடையாது," என்றார் ஸ்டெல்லா டீச்சர். "படிக்காம வந்து வெச்சா மாதா என்னப்பா பண்ணுவாங்க?"

சிரிப்பு அடங்குவதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, எழுந்திருக்காமலே சத்தமாகச் சொன்னாள்: "எங்கப்பா சாப்பாடு டெலிவரி பண்றாரு சார். ஆர்டர் வரும்போது ஆப்புல ராகு காலம்லாம் காட்டாது. எடுக்கலன்னா கம்பெனிக்காரன் ஐடிய ஆஃப் பண்ணிருவான். அவருக்கு எந்த நேரம் நல்ல நேரம்?"

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ராகவன் சார் மைக்கை எடுத்தார். "இதுக்கு எங்கிட்ட பதில் இல்லேம்மா," என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று அவர் பேசியதிலேயே அதுதான் குறுகிய பேச்சு, எனக்குப் பிடித்த பேச்சும் அதுதான்.

பஷீர் பாய் கிளம்ப எழுந்தவர் நின்றார். "பத்தரைக்குள்ள பில் போடணும்னு அவ்ளோ கூட்டம் வருதே, அந்த பில்லைப் போடறதுக்கு எங்கடைப் பையன் எட்டு மணிக்கே பஸ் ஏறணும். அவனுக்கு எது நல்ல நேரம்னு இதுவரைக்கும் நான் கேட்டதில்ல." சொல்லிவிட்டு ஜும்ஆவுக்கு ஓடினார்.

என் அம்மாவின் திங்கட்கிழமையை நான் சொல்லியிருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. "அனைவருக்கும் நன்றி, சாப்பாடு வெளியே," என்றேன்.

7. ரிப்போர்ட்

அன்றிரவே நடந்ததை நடந்தபடி நான்கு பக்கம் எழுதினேன். டீன் படித்தார். முகம் மாறியது.

"ராகு காலம்லாம் ரிப்போர்ட்ல வரலாமா? இதுல ஒரு பொண்ணு அவ அப்பாவைப் பத்திப் பேசியிருக்கா. இது எந்த க்ரைடீரியாவுல வரும்?"

"அதுதான் சார் தலைப்பே."

"'மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டு பயனடைந்தனர்'னு போடு. போட்டோவை வை. ரூம் வேணுமா வேணாமா?"

வேண்டும். மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். பயனடைந்தனர் என்றே போட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை, அடுத்துச் செயலாளராக வரும் உங்களுக்கும் ஒருநாள் இதே மேசைமுன் நிற்க நேரும். நான்கு பக்கத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனேன். எழுதிக்கொண்டிருந்த ஆய்வறிக்கையைத் தூக்கிப்போட்டுவிட்டு, நல்ல நேரம் யாருக்கு வாய்க்கிறது என்று புதிதாக ஆரம்பித்தேன். முதலில் பேட்டி எடுத்தது என் அம்மாவை. இரண்டாவது, பஷீர் பாய் கடையில் பில் போடுகிறவரை. பாயே கூட்டிவந்து உட்காரவைத்தார்.

கவின் இப்போது வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்கிறான். விண்ணப்பத்தில் பல்சமயக் கருத்தரங்கு ஒன்றைத் தான் முன்னின்று நடத்தியதாக எழுதியிருந்தான். செயலாளர் என்ற முறையில் அதற்குச் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். நல்ல பையன், டீ வாங்கித் தந்திருக்கிறான்.

புதிதாகப் பொறுப்பேற்கும் செயலாளருக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஹாலை புக் செய்வதற்கு முன், பேச வருகிறவர்களுக்குப் போன் செய்யுங்கள். சமயத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மூன்று போன்களில் தீர்ந்துவிடும், பயப்பட வேண்டாம், அங்கிருந்துதான் வேலை ஆரம்பிக்கிறது. அறை இன்னும் நம்மிடம் இருக்கிறது. கூட்டம் இல்லாத மாலைகளில் யாராவது ஒரு மாணவி புத்தகங்களோடு வந்து, இங்கே கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டால், கிளப்பில் உறுப்பினரா, சமயம் பற்றிய நிலைப்பாடு என்ன என்றெல்லாம் விசாரிக்காதீர்கள். ஃபேனைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.