மடங்காத துப்பாக்கி

நல்லமுத்துவுக்கு வாயைவிடக் கை முந்தும். டுரியான் துங்கால் ஊருக்குப் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அவர் தொண்டையைக் கனைத்தால் டிராக்டர் ஸ்டார்ட் ஆவதுபோலவே இருக்கும்: "க்ர்ர்... க்ர்ர்ர்...". மூன்றாவது கனைப்புக்குள் எதிரே நிற்பவர் கைக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். அலோர் காஜாவிலிருந்து பழக்குலை ஏற்ற வந்த லோரிக்காரருக்கு இது தெரியவில்லை. "அங்கிள், கொஞ்சம் ஒதுங்குங்க லா" என்றார். அங்கிள் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒரு பல்லைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுப் போனார்.

நாற்றங்காலைக் கடிக்கும் எலி, அணில்களைச் சுட நல்லமுத்துவிடம் லைசென்ஸோடு ஓர் ஏர் ரைஃபிள் உண்டு. மரக்கட்டை, நீளக் குழல். குழலைப் பிடித்துக் கீழே மடக்கினால் ஸ்பிரிங் இறுகும். ஈயக்குண்டு ஒன்றைத் திணித்து நிமிர்த்தினால் தயார். ஒரு மடக்குக்கு ஒரு வெடி. வீட்டுக்குள் வரும்போது குழல் மடங்கியே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மடங்கியிருந்தால் உள்ளே குண்டு இல்லை, பெண்டு பிள்ளைகள் பயமில்லாமல் நடமாடலாம்.

அவர் மனைவி விஜயராணியின் தம்பி ஹரிதாஸ், அலோர் காஜாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், ஒருநாள் புல்பப் என்ற குட்டை ஏர் ரைஃபிள் ஒன்றோடு வந்து இறங்கினான். அதில் விசை முன்னால் இருக்கும். குண்டும் மற்ற சாமான்களும் சுடுபவரின் கன்னத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால் பாதி நீளம்தான். காற்றை முன்பே பம்ப் அடித்து நிரப்பிவிட்டால், நெம்புகோலை இழுத்து இழுத்து வரிசையாகச் சுடலாம்.

"என்னாடா இது, செவுத்துல ஓட்ட போடுற ட்ரில்லா?" என்றார் நல்லமுத்து.

"மாமா, இது கார்பன் ஃபைபர் பாடி. உங்களோடது மாதிரி ஒலக்க இல்ல."

"ஒலக்கைக்கு மூஞ்சி இருக்குடா. இதுக்கு முன்னால எது, பின்னால எதுன்னே தெரியல."

"பத்து குண்டு போகும் மாமா. நீங்க ஒன்னு அடிச்சிட்டு மடக்கி, தேடி, திணிச்சி... அதுக்குள்ள அணிலு கல்யாணம் பண்ணி புள்ள பெத்துரும்."

விஜயராணி சிரித்துவிட்டாள். அதுதான் வினை. ஹரிதாஸ் துப்பாக்கியோடு வாசற்படியில் கால் வைத்ததும் கனைப்பு கேட்டது. அவன் விலகவில்லை. அறை விழுந்த சத்தத்துக்குக் கோழிகள் கலைந்து ஓடின.

"மடங்காத துப்பாக்கி என் வீட்டுக்குள்ள வரக்கூடாது! உள்ள குண்டு இருக்கா, காலி கோசோங்கான்னு எவனுக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து புல்பப் ஹரிதாஸின் காரிலேயே பூட்டிக் கிடந்தது.

இதற்கிடையில் ரம்புத்தான் மரத்துக்கு ஒரு குரங்குக் கூட்டம் வந்தது. தலைவன் ஒரு பெரிய கடுவன். நல்லமுத்து குறிபார்த்துச் சுட்டார். குண்டு தொடையில் பாய்ந்தது. எலிக்குப் போதும் அந்த வேகம், கடுவனுக்குப் போதவில்லை. அது கத்திக்கொண்டு விழுந்து, எழுந்து, நொண்டிக்கொண்டே காட்டுக்குள் போனது. கூட்டம் அதைக் கைவிட்டது. அது மட்டும் தனியாகத் திரும்பி வந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த விஜயராணியின் முழங்கையைக் கடித்துக் கிழித்தது. தையலோடு வீட்டுக்கு வந்தவள் அதன்பின் வெளியே போகும்போதெல்லாம் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டே போனாள்.

"அது ஆள பாத்து வெச்சிருக்குங்க. அடுத்த தடவ கழுத்துக்கு வந்தா?"

"நான் முடிக்கிறேன்."

"எதுல? இந்தக் கொசு அடிக்கிறதுலயா? தம்பியோடத ஒரு நாளு வாங்குங்க."

"அவன் டப்பாவ நான் தொடமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஹரிதாஸ் மீன் வாங்கிக்கொண்டு வந்தான். விஜயராணி அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்கதவு வழியாகக் கடுவன் உள்ளே புகுந்தது. முதலில் அவள் அலறல், பிறகு சட்டி உருளும் சத்தம். நல்லமுத்து ஓடிப்போய்ப் பார்த்தால் அது அவள் தோளில் ஏறித் தலைமயிரைப் பற்றியிருந்தது. அவள் கழுத்தைக் காக்க வைத்த கையைத்தான் அது கடித்துக்கொண்டிருந்தது.

மடங்கிக் கிடந்த தன் ரைஃபிளை எடுத்தார். அவசரத்தில் முதல் குண்டு நழுவித் தரையில் உருண்டது. இரண்டாவதைத் திணித்து நிமிர்த்தி, கிட்டே போய் அதன் முதுகில் சுட்டார். கடுவன் அவளை விட்டுவிட்டு அவர்மேல் பாய்ந்தது. கீழே விழுந்தார். ரைஃபிள் மேசைக்கடியில் போய்விட்டது. கடுவனின் பல் அவர் காதில் இறங்கியது.

"ஹரிதாஸ்! எடுத்துட்டு வாடா!"

காருக்கு ஓடியவன் புல்பப்போடு திரும்பி வந்தான். ஆனால் வாசற்படியில் அவன் கால் தானாக நின்றுவிட்டது.

"மாமா... உள்ள வரட்டுமா?"

பாதிக் காது போய்க்கொண்டிருந்த மனிதர் தரையிலிருந்து முழங்கினார்: "வாடா நாயே!"

"அப்பறம் அடிக்கமாட்டீங்களே?"

"டேய், உள்ள வந்து தொலடா!" என்று கத்தியது விஜயராணி.

வந்தான். துப்பாக்கிமேல் இருந்த குறிபார்க்கும் லென்ஸில் கண்ணை வைத்தான். துப்பாக்கி கிளப்பில் ஐம்பது மீட்டர் தூரத்துக் காகிதக் குறிக்குச் சரிசெய்த லென்ஸ் அது. இத்தனை கிட்டத்தில் கலங்கிய மயிரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எது குரங்கு, எது மாமா என்றே புரியவில்லை. கண்ணை எடுத்தான். மண்டியிட்டு, குழல் முனையைக் கடுவனின் விலாவில் அழுத்தினான். நீளத் துப்பாக்கி அந்த அடுப்படிச் சந்துக்குள் திரும்பியிருக்காது, இது திரும்பியது. சுட்டான். நெம்புகோலை இழுத்தான், சுட்டான். கடுவனின் தாடை தளர்ந்தது. அது சரிந்தபிறகும் அவன் நிறுத்தவில்லை. செத்ததன் மேல் இழுத்து இழுத்துச் சுட்டான், வாயில் எச்சில் வழிய. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது, அப்போதும் இழுத்தான்.

"போதும்டா," என்றாள் அக்கா. "செத்துருச்சுடா. போதும்."

கைக்குத் துண்டு, காதுக்கு மேசைத்துணி. இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஹரிதாஸ் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். ஸ்டீரிங் எல்லாம் ரத்தம் பிசுபிசுத்தது. ஜங்ஷன் சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கனைப்புச் சத்தம் வந்தது. ஹரிதாஸ் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டான்.

"மொதல்ல நான் அடிச்ச குண்டு முதுகுல நல்லா எறங்கியிருக்கு, தெரியுமா? இல்லன்னா உன் டப்பா..."

"வாய மூடுங்க," என்றாள் விஜயராணி. அவள் அவரிடம் அப்படிப் பேசியதே இல்லை. "உங்க துப்பாக்கியாலதான் அது வீடு தேடி வந்துச்சு. உங்க சட்டத்தாலதான் இவன் வாசல்ல நின்னான். என் ரெண்டு விரல் அசையல. இப்பவும் எந்தக் குண்டுன்னுதான் பேசுவீங்களா?"

நல்லமுத்து துண்டுக்குள் இருந்த அவள் கையைத் தொடப்போனார். அவள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட இல்ல. மொதல்ல அவன்கிட்ட பேசுங்க."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மன்னிப்புக் கேட்கும் சொல் எதுவும் நல்லமுத்துவின் வாய்க்குப் பழக்கமில்லை.

"மச்சான்," என்றார் கடைசியில், மிகச் சின்னக் குரலில். "சாப்டியாடா?"

"இன்னும் இல்ல மாமா," என்றான் ஹரிதாஸ். அழுதுகொண்டே கியரைப் போட்டான்.