கொதிக்க வைத்த தொடை எலும்பு

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை பார்த்தேன். எலும்பைச் சுத்தம் செய்ய என்னை மிஞ்சி ஆள் கிடையாது என்ற திமிர் எனக்கு உண்டு. அண்டாவில் சோடா போட்டுக் கொதிக்க வைத்து, பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு எடுத்தால் பல் மாதிரி மின்னும். வயது, உயரம் கணக்குப் பார்க்க டாக்டருக்கு அப்படித்தான் வேண்டும்.

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்று மணலில் தலையில்லாத ஓர் உடம்பு கிடைத்தது. பாதி எலும்பாகியிருந்தது. அந்த ஊர்க்காரி ஒருத்தியின் புருஷன் காணாமல் போய் நாலு மாசம். அவன்தானா என்று பார்க்க அவளிடமும் மகளிடமும் ரத்தம் எடுத்தார்கள். தொடை எலும்பு இரண்டையும் முழுசாக டி.என்.ஏ. சோதனைக்கு வெளியூர் அனுப்ப வேண்டும். எங்களுக்கு அது புதுசு. கழுவாதே, நிழலில் உலர்த்திக் காகிதத்தில் பொதிந்து வை என்று சொல்லிவிட்டு டாக்டர் கோர்ட்டுக்குப் போனார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. சதையும் சேறுமாக, அந்த நாற்றத்தோடு அனுப்பினால் பிரித்துப் பார்க்கிறவன் என்னையல்லவா காறித் துப்புவான்? அண்டாவை அடுப்பில் ஏற்றினேன். டாக்டர் திரும்புவதற்குள் பொதிந்து அரக்கு முத்திரையும் வைத்தாயிற்று. மூதி நான், சொன்ன பேச்சைக் கேட்டிருக்கலாம்.

ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது. இத்தனை பெரிய எலும்பிலிருந்தும் எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை, கொதிக்க வைத்ததில் எல்லாம் அழிந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். டாக்டர் கடிதத்தை என் மேல் எறிந்தார்.

"ஒன்ன எவம்லே அடுப்பு பத்த வைக்கச் சொன்னான்?"

அன்றைக்கே காணாமல் போனவனின் பெண்டாட்டியும் வந்துவிட்டாள். டாக்டர் என்னையே போய்ச் சொல்லச் சொன்னார். ஆற்றுத் தண்ணீரில் கிடந்து கெட்டுப்போச்சாம், ஒன்றும் தெரியவில்லையாம் என்றேன். கூசாமல் பொய் சொன்னேன், பாவி. அவள் தாலியை வெளியே எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இத வச்சிருக்கட்டுமா, கழத்தட்டுமா? நீங்களாச்சும் சொல்லுங்க அண்ணாச்சி. நீங்கதான பாத்திய."

எனக்கு என்ன தெரியும்? அவள் போனால் போதும் என்றிருந்தது.

"வச்சிக்கிடும்மா, வந்துருவாரு," என்றேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவளும் மகளும் இருந்தார்கள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு, நெற்றியில் வட்டக் குங்குமம். அவளே திரும்பிப் பேசினாள்: மகளைப் பெண் கேட்டு வருகிறார்களாம், அவர் வந்த பிறகுதான் என்று நிறுத்தி வைத்திருக்கிறாளாம். மகளிடம் என்னைக் காட்டினாள்.

"இவுகதான் ஒங்கப்பா வந்துருவாகன்னு சொன்னவுக."

அந்தப் பெண் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். "எப்பம் வருவாக?" என்றாள்.

நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. இறங்கிவிட்டேன்.