நீல வேனை நிறுத்திய பாவு

எங்கள் சித்தப்பாவுக்குத் தறியில் உட்காரத்தான் பிடிக்காது. மற்றபடி எதற்கும் சளைத்தவர் இல்லை. தெருவே பட்டு நெய்துகொண்டிருந்தபோது அவர் மட்டும் போலீஸில் சேர்ந்தார். அதிலும் சாதாரணப் போலீஸா? ரோந்து ஜீப் போலீஸ்! கடற்கரைக் குப்பங்களிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரம் வரும் சாலையில் ராப்பகலாகச் சுற்றிவர வேண்டும். விளக்கில்லாத மாட்டுவண்டி, ஆட்களை அடைத்துவரும் லாரி, குடித்துவிட்டு ஓட்டுகிறவன் என்று எல்லாரையும் விசில் ஊதி ஓரங்கட்டுவார்கள். வீட்டுக்கு வரும்போது அவர் மீசையெல்லாம் செம்புழுதியாக இருக்கும். எட்டு வயசுப் பெண்ணான எனக்கு அந்தப் புழுதியைப் பார்த்தாலே பெருமை தாங்காது. பள்ளிக்கூடத்தில் அளந்துவிட ஆயிரம் கதை கிடைக்குமே!

அந்த வருஷம் ஒரு நீல வேன் அவர் உயிரை வாங்கியது. படகில் திருட்டுத்தனமாக வந்திறங்கும் வெளிநாட்டுத் துணியையும் கைக்கடிகாரத்தையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊரைக் கடந்து பெங்களூர்ப் பக்கம் பறந்துவிடும். இரண்டு தடவை சித்தப்பா கையை நீட்டியும் நிற்கவில்லை. இன்னொரு தடவை விட்டால் காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடு என்று இன்ஸ்பெக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கழட்டிக் குடுத்துட்டு வாடா, தறி காலியாத்தான் இருக்குது" என்று அப்பா கிண்டலடித்தார். சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

ஒருநாள் விடிந்ததும் எங்கள் தெருவில் அப்பாவின் பாவை விரித்திருந்தோம். பாவு என்றால் புடவையின் நீளவாட்டில் ஓடப்போகிற பட்டு இழைகள் அத்தனையும். தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து சரிசெய்வார்கள். பாவு விரித்திருந்தால் எங்கள் ஊரில் சைக்கிள்காரன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான். வண்டிமாடு வேறு தெருவுக்குத் திரும்பும். பாவை அறுத்தவன் குடும்பம் விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்போது சித்தப்பா தலையில் தொப்பிகூட இல்லாமல் ஓடிவந்தார்.

"அண்ணா! பாவைத் தூக்கிக்கினு ரோட்டுக்கு வாண்ணா!"

விஷயம் இதுதான். வாலாஜாபாத்தில் தடுப்புக்கட்டையை முறித்துக்கொண்டு வேன் வருவதாகத் தகவல் வந்திருக்கிறது. ரோந்து ஜீப்போ தண்ணீர் கொதித்துப்போய் எங்கள் தெருமுனையில் படுத்துவிட்டது. அதையே குறுக்கே தள்ளி நிறுத்தலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு, சர்க்கார் வண்டி, இடித்தால் யார் பதில் சொல்வது என்றாராம் இன்ஸ்பெக்டர். சர்க்கார் வண்டிக்கு இருந்த கவலை எங்கள் பட்டுக்கு இல்லை!

அப்பா பாவை மறித்துக்கொண்டு நின்றார். "பட்டு மொதலாளிதுடா. அறுந்துதுன்னா நான் எங்கடா போவேன்?"

"அறுக்க மாட்டாண்ணா. போன தடவை மூஞ்சியப் பாத்துட்டேன். நம்ம ஊரு நெசவுக்காரன் புள்ளதான் ஓட்டிக்கினு வர்றான். என்ன நம்புண்ணா, என் பொழப்பே போயிடும்!"

அப்பா தம்பியைப் பார்த்தார், பாவைப் பார்த்தார். பிறகு, "புடிங்கப்பா" என்றார்.

அடேயப்பா, என்ன கூத்து அது! தெருவே திரண்டது. இழை கலையாமல் பாவை அப்படியே தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தோம். ஒரு முனை புளியமரத்தடியில் அப்பாவிடம், மறுமுனை எதிர்ப்பக்கம் அண்டைவீட்டுக்காரர்களிடம். நடுவில் தொய்யாமலிருக்க மூங்கில் கவையை நான் பிடித்துக்கொண்டேன். "ஏய், வாடி இந்தப் பக்கம்!" என்று அம்மா கத்தியது காதில் விழத்தான் செய்தது. யார் நகர்வது? வெயில் பட்டதும் அரக்குச் சிவப்புப் பட்டு சாலைக்குக் குறுக்கே தகதகத்தது.

வளைவில் புழுதி கிளம்பியது. வந்துவிட்டது நீல வேன்! ஹாரனை அடித்துக்கொண்டே எங்களைப் பார்த்து நேராகப் பாய்ந்தது. அம்மா ஓடிவந்து என்னைக் கவையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். என் நெஞ்சு திக்குதிக்கென்று அடித்தது. ஆனால் பயமில்லை, ஐயோ, அப்படி ஒரு குஷி!

கிறீச்சென்று பிரேக். வண்டி ஒருபக்கமாக இழுத்துக்கொண்டுபோய், பாவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

ஊரே ஓவென்று கத்தியது. கட்டையை முறித்த வண்டியை நூல் நிறுத்திவிட்டது! நான் கவையைப் பிடித்தபடியே குதித்தேன்.

ஓட்டிவந்தவன் ஒல்லியான ஆள், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஒருபக்கம் வயல், மறுபக்கம் தோப்பு; இறங்கி ஓடியிருந்தால் யாரும் பிடித்திருக்க முடியாது. அவன் ஓடவில்லை. கைப்பிசுக்கை லுங்கியில் துடைத்துக்கொண்டு பாவருகே வந்தான். குனிந்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழைகளைப் பார்த்தான்.

"எதுவும் அறுந்துடலியேண்ணா?" என்று அப்பாவிடம் கேட்டான்.

"இல்லப்பா" என்றார் அப்பா, பாவைப் பார்த்துக்கொண்டே.

அதற்குள் சித்தப்பா வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எல்லார் முன்னாலும் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

மத்தியானம் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. சித்தப்பாவின் சட்டை தப்பியது, அப்பாவின் பட்டும் தப்பியது, அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. எனக்குச் சொல்லவே வேண்டாம், இலைக்கும் வாசலுக்குமாகப் பறந்துகொண்டிருந்தேன்.

"சித்தப்பா, நாளைக்கும் பாவு கட்டி இன்னொரு வண்டி புடிக்கலாமா?" என்று கேட்டேன்.

சித்தப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அப்பாவாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், அவரும் இலையை மடித்துவிட்டார். கொல்லைப்பக்கம் போய் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெகுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஜெயித்தவர்களுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை. சட்டியில் மிச்சமிருந்த கறியையெல்லாம் நானும் என் தம்பியும் சண்டைபோட்டுக்கொண்டு தின்றோம்.