கடைசி ஆளுக்குக் கேட்டதா?

பாஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றால் எவன் வந்தாலும் ஒரே கேள்விதான். "நாலு கம்பிதான் இருக்கு, மீதி ரெண்டு அறுந்துபோச்சா?" எண்பதுகளில் வாசிக்க ஆரம்பித்தபோது பொறுமையாகப் பதில் சொன்னேன். இது வேறு கிட்டார், கனத்த சத்தத்துக்கு என்று. கேட்டவன் தலையாட்டிவிட்டு, "சரி, மீதிக் கம்பிய எப்ப போடுவிய?" என்பான். பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். முறைப்பேன், அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஃபிட்டர் வேலை எனக்கு. ஷிப்ட் இல்லாத நேரத்தில் மெல்லிசைக் குழு. கல்யாணம், கோயில் பொங்கல், காதுகுத்து, எதுவானாலும் வேன் கிளம்பிவிடும். குழுவை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் அண்ணாச்சி என்போம். கீபோர்டு அவருடையது. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். கோபம் முற்றினால் மேடை என்றும் பார்க்காமல் தெலுங்குக்குப் போய்விடுவார். அவர் தெலுங்கில் பேசினால் நாங்கள் தாளம் தப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணாச்சி ஒரு புதுக் கீபோர்டு வாங்கினார். இடது கையால் ஒரு கட்டையை அமுக்கினால் பாஸ் தானாக ஓடும். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. வீட்டுக்கு வந்த விருந்தாளி எப்போது கிளம்புவான் என்று பார்ப்பார்களே, அப்படி.

சோழபுரத்தில் ஒரு பொங்கலுக்கு வாசித்தபோதுதான் அது வெடித்தது. அங்கே கூம்பு ஸ்பீக்கர். புனல் மாதிரி இருக்குமே, மின்கம்பத்திலும் வேப்பமரத்திலும் கட்டுவார்களே, அதுதான். ஊருக்கே கேட்கும். ஆனால் நான் வாசிப்பது மட்டும் எனக்கே கேட்கவில்லை. நாலு கம்பிக்காரன் எவனும் செய்வதை நானும் செய்தேன். கிட்டாரில் இருக்கிற பாஸ் திருகைக் கூட்டினேன். கேட்கவில்லை. முழுக்கத் திருகினேன். அப்போதும் கேட்கவில்லை. மைக்செட்காரரைப் பார்த்து இன்னும் கூட்டச் சொல்லிக் கை காட்டினேன். அவரும் கூட்டினார். வேப்பமரத்துக் கூம்பு ஒருமுறை கொர்ரென்று இழுத்துவிட்டு அடங்கியது. உள்ளே சத்தம் எழுப்புகிற யூனிட் கிழிந்துவிட்டது.

வேன் பக்கத்தில் வைத்து அண்ணாச்சி சொன்னார்.

"ஏலே, ஒனக்கு வேன்ல ஒரு எடம், மைக்செட்டுல ஒரு லைன், சோத்துல ஒரு எலை. இம்புட்டும் குடுத்து யாருக்குலே கேக்குது? கேக்காத ஒண்ணுக்கு யூனிட்ட வேற காவு குடுக்கணுமா?"

"கூம்புல பாஸ் வராது அண்ணாச்சி. அது கூம்போட கொற."

"எங் கீபோர்டு வருதே."

"ஒங்க கீபோர்டு பாசும் வராது. யாராச்சும் கேட்டதாச் சொன்னாங்களா?"

அண்ணாச்சி விடவில்லை. "சரிலே. அடுத்த மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தெருப் பொங்கல் இருக்கு. அங்கயும் கூம்புதான். கூட்டத்துல ஒரே ஒரு ஆளு, ஒரே ஒருத்தன், ஒஞ் சத்தம் கேட்டுச்சுன்னு எங்கிட்டச் சொல்லட்டும். நீ இரு. இல்லன்னா பொட்டிய மூடிட்டு மில்லுக்கே போயிரு."

மில்லுக்கு நான் தினமும் போகிறவன்தான். ஆனால் மில்லில் இருக்கிற நேரமெல்லாம் வேன் எப்போது கிளம்பும் என்றுதான் இருப்பேன். அந்த இடம் போனால் என்னிடம் மிச்சமாக ஒன்றும் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

இதை யாரிடம் பேசுவது? ஊரில் பாஸ் வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான். அதனால் பாய் கடைக்குப் போனேன்.

பாய் கடை ஜவுளிக்கடை மாடியில் இருந்த பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர். மதுரைக்குப் போன் போட்டுத்தான் நெட்டுக்குள் நுழைய வேண்டும். அது கொய்யென்று கத்தி, கரகரத்து, மனசு வந்தால் திறக்கும். எனக்கு ஈமெயில் முகவரி போட்டுக் கொடுத்ததும், பாஸ் வாசிக்கிறவர்கள் கூடுகிற ஒரு குழுவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் பாய்தான்.

"எல்லாரும் பொண்ணு போட்டோ பாக்க வாராக. நீங்க ஒருத்தர்தாண்ணே கம்பியப் பாக்க வாரீய" என்பார்.

குழு சின்னது. எல்லோரும் தமிழ் ஆட்கள், எழுதுவது இங்கிலீஷ் எழுத்தில். பெயரை யாரும் கேட்பதில்லை. ஊர்தான் பெயர். நான் ராஜபாளையம். நாகர்கோவில் என்று ஒருவர், சர்ச்சில் வாசிக்கிறவர், என் வயசு. மலேசியாவிலிருந்து ஈப்போ என்று ஒருவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர். நாங்கள் மூன்று பேர்தான் ஓயாமல் பேசுவோம். மற்றவர்கள் படித்துவிட்டுப் போவார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. மேடையில் வாசித்தவன் இறங்கியதும் நேராகக் கூட்டத்தின் கடைசிக்குப் போக வேண்டும். அங்கே நிற்கிற கடைசி ஆளிடம், தான் யார் என்று சொல்லாமல், அந்தக் கனத்த சத்தம் கேட்டதா என்று கேட்க வேண்டும். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் குழுவில் எழுத வேண்டும். பதில் எழுதுகிறவர்களின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: கடைசி ஆளுக்குக் கேட்டதா? நான் அதுவரை எழுதியதெல்லாம் "கேட்கவில்லை" என்றுதான். நாகர்கோவில் ஒரு தடவை, "கடைசி ஆள் பாஸ்டர். கேட்டுது, ஆனா ஜெபத்துக்கு எடஞ்சலாட்டு இருந்துதுன்னாரு" என்று எழுதியிருந்தார். எங்களுக்கு அதுவே வெற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாட்டில் உட்கார்ந்தோம். சோழபுரத்துக் கதையை அடித்தேன். ஒற்றை விரலில் அடிப்பதற்குள் எனக்கே கோபம் ஆறிவிட்டது.

"பாஸ் திருகை எங்க வெச்சிருந்தீங்க தம்பி?" என்றார் ஈப்போ.

"முழுசா."

"அதான்லா யூனிட் செத்துச்சு. பாவம் அது."

"கேக்கலேன்னா கூட்டத்தானே செய்வான்?" என்று குறுக்கே விழுந்தார் நாகர்கோவில். "நானும் கூட்டுவேன்."

"கூட்டுறது கூம்புல வெளியவே வராது. உள்ளயே முட்டிக்கிட்டுச் சாவும். திருகை மூடு தம்பி. சுத்தமா மூடு. நடுத் திருகை ஏத்து. தடிக் கம்பிய விட்டுட்டு மேல ஏறி வாசி."

"பாஸ மூடிட்டு பாஸ் வாசிக்கவா? அண்ணே, உப்பில்லாம உப்புக்கண்டம் போடச் சொல்லுதீரா?" என்றார் நாகர்கோவில்.

"லாரி மேல கூம்பு கட்டித் தைப்பூசத்துக்கு வருசா வருசம் வாசிக்கிறவன் சொல்றேன். நீ சர்ச்சில பெரிய பொட்டி ஸ்பீக்கர் வெச்சு வாசிக்கிறவன், ஒனக்கு என்னா தெரியும்?"

"என் சர்ச்ச இழுக்காதயும் ஓய்."

"ரெண்டு பேரும் சண்டைய நிறுத்துங்க" என்று அடித்தேன். "எனக்கு அடுத்த மாசம் சோலி முடியப் போகுது."

ஈப்போ நிதானமாக எழுதினார். அடியில் இருக்கிற கனத்த சத்தத்தைக் கூம்பால் தர முடியாது. அதற்கு மேலே இருக்கிற சத்தம் தெளிவாகப் போனால் போதும், அடியைக் காது தானாகவே போட்டுக்கொள்ளும். கிட்டே நிற்கிறவனுக்குத் தகரம் மாதிரி இருக்கும். தள்ளி நிற்கிறவனுக்கு பாஸ். "மேடையில ஒங்களுக்கே அசிங்கமா இருக்கும் தம்பி. அதைத் தாங்கணும். திருகைத் தொட்டீங்க, தீர்ந்தீங்க" என்று முடித்தார்.

நாகர்கோவில் அதற்கு என்ன சொன்னார் என்று தெரியவில்லை. "அண்ணே, மதுர லைன் போச்சு" என்றார் பாய்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காது எப்படித் தானாகப் போட்டுக்கொள்ளும்? மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மைக்செட்காரர் குடோனுக்குப் போனேன்.

"இன்னொரு யூனிட்டக் கொல்ல வந்தியா மாப்ள?" என்றார்.

"இல்ல மாமா. ஒரு கூம்ப மொட்டை மாடியில மாட்டித் தாங்க. கிட்டார நீங்க தட்டுங்க. நான் தள்ளிப் போய்க் கேக்கேன்."

"நான் தட்டவா? எனக்கு என்னலே தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். இந்தா இந்தக் கம்பிய, இந்த எடத்துல அமுக்கிட்டு, நடந்து போற மாதிரி தட்டுங்க."

அவர் விரல் வலிக்கிறது என்று டெஸ்டரின் பிளாஸ்டிக் பிடியால் தட்டினார். நான் தென்னந்தோப்பைத் தாண்டி ஓடைப் பாலம் வரை நடந்தேன். முதலில் பழைய மாதிரி வைத்துத் தட்டச் சொல்லியிருந்தேன். பாலத்தில் நின்று கேட்டால் தோப்பில் கத்தின காக்காய்தான் கேட்டது. திரும்பி வந்து பாஸ் திருகைச் சுத்தமாக மூடி, நடுத் திருகை ஏற்றி, மேலே பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி நடந்தேன். குடோன் வாசலில் அது தகரடப்பா உருட்டுகிற சத்தம். காது கூசியது. தோப்புக்குள் நுழைந்தபோது தகரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. பாலத்தில் நின்றபோது பாஸ் கேட்டது. மைக்செட்காரரின் ஒழுங்கில்லாத தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அந்தக் கேவலமான வாசிப்பைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து ரசித்துக் கேட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறம் ஒரு மாசம் எல்லாப் பாட்டையும் மேல் ஸ்தாயிக்குத் தூக்கி வாசித்துப் பழகினேன். பதினைந்து வருஷமாகக் கீழேயே கிடந்த கை. ஏற மாட்டேன் என்றது. ஏற்றினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பந்தலுக்கு முன்னால் மேடை. தெரு நெடுகக் கூம்பு. பொழுது சாயும் முன்பே ஆரம்பித்துவிட்டோம். நான் முதல் பாட்டுக்கு முதல் தட்டு தட்டியதும் பாடுகிற அக்கா திரும்பி என்னைப் பார்த்தது. டிரம்ஸ்காரன் பார்த்தான். அண்ணாச்சி கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே சீறினார்.

"என்னலே தகரத்தத் தட்டுத?"

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது பாட்டில் அவர் தெலுங்குக்குப் போய்விட்டார். எனக்குமே சகிக்கவில்லை. பல் கூசுகிற சத்தம். வலது கை திருகுப் பக்கமே போனது. கொஞ்சம், ஒரே ஒரு சுற்று கூட்டினால் என் காதுக்காவது நன்றாயிருக்கும் என்று விரல் கெஞ்சியது. பாலத்தை நினைத்துக்கொண்டு தட்டினேன். இடைவேளையில் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார்.

"திருகக் கூட்டு."

"மாட்டேன்."

"ஏங் குழுவுல நாஞ் சொல்றதுதாம்லே."

"இன்னைக்கு மட்டும் மாட்டேன் அண்ணாச்சி. ஒரு ஆளு கேக்கணும்னீங்கள்ல? முடிஞ்சதும் கேப்போம். கேக்கலைன்னா நானே பொட்டிய மூடுதேன்."

கடைசிப் பாட்டு முடிந்ததும் கிட்டாரை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். கூட்டத்தைத் தாண்டி, கடைசிக் கூம்பையும் தாண்டி, பஸ் போகிற ரோட்டு முனை வரை. அங்கே ஒரு அம்மா அவித்த கடலை விற்றுக்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஆள் இல்லை.

"கச்சேரி கேட்டுச்சாம்மா?" என்றேன்.

"கேக்காம? காதுலதான கட்டி வச்சிருக்கானுவ."

"டிரம்சு, பாட்டு தவிர வேற என்ன கேட்டுச்சு?"

அந்த அம்மா கடலை அள்ளுவதை நிறுத்தியது. "கீழ ஒண்ணு தடிச்ச குரல்ல போய்க்கிட்டே இருந்துச்சே, அது என்னய்யா அது?"

அண்ணாச்சி உடனே, "மேளத்தச் சொல்லுதியாம்மா?" என்றார்.

"மேளம் எனக்குத் தெரியாதா? இது வேற. அந்தப் பொம்பள பாட்ட நிறுத்துனா இதுவும் எறங்கி வந்து நிக்குது. பொறவு அது கெளம்புனா இதுவும் பின்னாடியே போகுது."

"நல்லாருந்துச்சா?" என்றார் அண்ணாச்சி.

"நல்லாவா? ரெண்டு பேருகிட்ட நிம்மதியாப் பேச விட்டுச்சா அது? எங்க திரும்புனாலும் கடங்காரன் மாதிரி பின்னாலயே வருது. கடலை வேணுமா, வேண்டாமா?"

வாங்கினோம். திரும்பி நடக்கும்போது அண்ணாச்சி கடலையை உரித்துக்கொண்டே சிரித்தார்.

"அவளுக்குப் பிடிக்கலைலே."

"பிடிக்கணும்னு நீங்க சொல்லலையே அண்ணாச்சி. கேக்கணும்னுதான் சொன்னிய."

அவர் மேடைக்கு வரும்வரை கடலை தின்றுகொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு பாய் கடையில் உட்கார்ந்து எழுதினேன். வழக்கப்படி கூட்டாமல் குறைக்காமல், கடன்காரன் உட்பட. நாகர்கோவில் உடனே பதில் போட்டிருந்தார்: "உப்பில்லாம உப்புக்கண்டம் போட்டுட்டியே மக்கா. நான் தோத்தேன். ஆனா என் சர்ச்சில மூட மாட்டேன்." ஈப்போ ஒரே வரி: "கடன்காரன்னு சொல்ல வெச்சது பெரிய வேலை தம்பி. இனி அந்தம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி வாசிங்க." அன்றிலிருந்து குழுவில் எனக்கு ராஜபாளையம் என்கிற பெயர் போய்விட்டது. கடன்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலமே சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாணம். வேன் வந்து நின்றபோது கிட்டார்ப் பெட்டியோடு ரோட்டோரம் நின்றேன். அண்ணாச்சி அதுவரை என்னிடம் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, புதுக் கீபோர்டுப் பெட்டியைக் காலால் ஒதுக்கினார்.

"ஏறுலே. மேடையில மட்டும் அந்தக் கடைசியில போய் நில்லு. ஏங் காதுகிட்ட அந்தத் தகரம் வேண்டாம்."

ஏறி உட்கார்ந்தேன்.