பெருநாள் இறைச்சியும் குளிராத ப்ரீசரும்

ஹஜ்ஜுப் பெருநாளன்று லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்தேன். போன் அடித்தது. சாய்ந்தமருதிலிருந்து சலீம் ஹாஜியார். மீன்பிடி போட்டுகளின் முதலாளி, என் நெடுநாள் கஸ்டமர்.

"மனே, ரெண்டு டீப் ப்ரீசரும் செத்துப் போச்சு. கரண்ட் வருது, சத்தம் வருது, குளிர்தான் வரல்ல. குர்பான் இறைச்சி முழுக்க அதுக்குள்ளதான் இரிக்கி. ஒடனே வா!"

கல்முனையில் ப்ரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறவனுக்குப் பெருநாள் லீவு என்று ஒன்றில்லை. ஆனால் ஒரே நாளில் ரெண்டு மெஷினும் பழுதாவது அபூர்வம். வோல்டேஜ் குறைந்திருக்கும் என்று எண்ணி, மீட்டரையும் ப்ரீசருக்கு அடிக்கிற கேஸ் சிலிண்டரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

ஹாஜியார் புதுச் சாரன் உடுத்தபடி வீட்டு வளவுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். காலையில் அவரும் சொந்தக்காரரும் சேர்ந்து குர்பானுக்கு மாடுகள் அறுத்திருக்கிறார்கள். ஏழைகளின் பங்கை வீடுவீடாகக் கொண்டுபோக ஒழுங்கு செய்த லொறி நாளைக்குத்தான் வருமாம். அதனால் எல்லாவற்றையும் பெரிய பெரிய பைகளில் கட்டி ப்ரீசருக்குள் இறக்கிவிட்டார்.

"ஏழைக்குரிய பங்கு மனே. பழுதாப் போனா அல்லாஹ்வுக்கு நான் என்ன பதில் சொல்ற?"

ரெண்டு மெஷினுக்கும் வோல்டேஜ் சரி. கம்பிரசர் ஆம்பியர் சரி. கம்பிரசருக்குக் கேஸ் திரும்பி வருகிற சக்ஷன் பைப்பில் கை வைத்தேன், நல்ல குளிர். ரெண்டு மூடியையும் திறந்தேன். வெள்ளத்துக்கு அடுக்கிய மண் மூட்டைபோல விளிம்புவரை இறைச்சிப் பைகள். ஒரு பையின் நடுவில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தினேன். முப்பது டிகிரி தாண்டி நின்றது.

"மெஷின்ல பழுதில்ல ஹாஜியார். இறைச்சிதான் கூட."

"குர்பான் இறைச்சி கூடிப்போச்சு எண்டு சொல்ற மொத ஆள் நீதான்டா!"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த நேரம் அவர் மனைவி ஐனுல் மாமி, விருந்தாளிகளுக்குப் பொரிக்க ஈரல் எடுக்க வந்தார். உள்சுவரோடு ஒட்டிக் கிடந்த சின்னப் பொட்டலத்தைப் பிய்த்தெடுத்தவர், அதை ப்ரீசர் மூடியில் தட்டினார். டொக் டொக் என்றது.

"இஞ்ச பாருங்க, ஈரல் கல்லாட்டம் இரிக்கி! குளிர் இல்லயெண்டா இது எப்படி இறுகின?"

"எல்லாம் ஒண்டாத்தானே வெச்ச?" என்றார் ஹாஜியார்.

"ஓம், ஒண்டாத்தான். வெக்கக்குள்ள ரெண்டும் ஒரே சூடுதான்," என்றேன். "ஆனா பொட்டலத்துக்குள்ள இருந்த சூடு கொஞ்சம். மூட்டைக்குள்ள இரிக்கிறது மலையளவு. தேத்தண்ணிக் கோப்பை ஆறுற நேரத்துல பெரிய சோத்துக் கிடாரம் ஆறுமா?"

ஹாஜியார் ஈரலையும் மூட்டையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அப்ப இது எப்ப குளிரும் மனே?"

"நாளைக்கும் முழுசாக் குளிராது. அதுக்கு முன்னால நடுவுல நாறத் தொடங்கிரும்."

போட்டுக்காரர் சும்மா இருப்பாரா? உடனே ஐஸுக்குப் போன் போட்டார். "மீன் பெட்டியில ஐஸ் போட்டு வைப்பம்," என்றார்.

"மீன் பெட்டிக்குள்ள இறைச்சியா? குடுக்கிற வீடெல்லாம் ஆணம் ஆக்கினா சூரை மீன் மணக்கும்!" மாமி விடவில்லை. "லொறி வரல்லயெண்டா த்ரீவீலும் ஓடாதா? நாளைக்குக் குடுக்கிறத இண்டைக்கே குடுத்தா என்ன?"

அதற்குப் பிறகு அந்த வளவு கலியாண வீடுபோலாகிவிட்டது. போட்டில் போகிற ஆட்கள் பெருநாள் உடுப்போடு த்ரீவீலிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து இறங்கினார்கள். ஐஸ் வந்ததும் நொறுக்கி, புதுப் பேசின்களில் பரப்பினோம். கட்டியாக வைத்தால் அங்கங்கேதான் தொடும். நொறுக்கினால் பையைச் சுற்றிலும் ஒட்டி, சூட்டைச் சீக்கிரம் இழுக்கும். கொண்டுபோக முறைக்குக் காத்திருந்த பைகளை இறுகக் கட்டி அதற்குள் புதைத்தோம். மாமியும் மருமகளும் வீட்டுப் பங்கைச் சின்னச் சின்ன சொப்பிங் பேக்குகளில் போட்டு, அப்பளம்போலத் தட்டையாக்கித் தந்தார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு ப்ரீசரின் சுவரோரம் நிறுத்திவைத்தேன். பிறகு கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இறைச்சிப் பைகளைக் கட்டிக்கொண்டு நானும் ஒரு நடை போய்வந்தேன். கடைசி வீட்டில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புமுன்பே உள்ளே வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது வளவு காலி. ப்ரீசரைப் பார்த்தேன். டிகிரி மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

ஹாஜியார் பள்ளிக்குப் போகிற வழியெல்லாம் ஆட்களை நிறுத்திச் சொன்னார்: "இவன் ஒரு ஆணியும் கழட்டாம ரெண்டு மெஷினையும் திருத்திட்டான்!"

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குளிரவில்லை என்று போன் வந்தால் கேஸ் சிலிண்டரைத் தூக்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள். எத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் சொல்லும். உள்ளே எவ்வளவு சாமான் என்று அது சொல்லாது. மெஷின் பாடுபடுவது ரெண்டுக்கும் சேர்த்துத்தான்.