இன்ஜினை அணைக்கச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை காலை சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கைப்பேசி அடித்தது. எடுத்துப் பேசிய என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருதயராஜ் சார் போயிட்டாராம்" என்றார். மாரடைப்பு. துறைமுக வாசலில் லாரிப் போக்குவரத்தைக் கவனித்த அதிகாரி அவர். ஓய்வு பெற்றபின் குளத்தூர்ப் பக்கம் சொந்த ஊரில் இருந்தார். எங்களுக்கு உறவில்லை, ஒரே சாமியைக் கும்பிட்டவரும் இல்லை. ஆனாலும் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

எங்களுக்கு இருப்பது ஒரே டிரெய்லர். நார்த்தாமலைப் பக்கத்துக் குவாரியிலிருந்து கிரானைட் கல் ஏற்றிக்கொண்டு என் கணவர் துறைமுகத்துக்குப் போவார். டீசல் கணக்கும் வீட்டுக் கணக்கும் என் பொறுப்பு. சில வருஷங்களுக்கு முன் அவருக்கு இருமல் பிடித்தது, நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. "இந்தப் புகையிலேயே கெடந்தீங்கன்னா வண்டிய விட்டுத்தான் ஆகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு தெரியாது.

அது என்ன புகை என்று நான் நேரில் கண்டது ஓர் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள். என் தாயாருக்காகக் கடலில் முழுக வேண்டுமென்று நானும் வண்டியிலேயே போயிருந்தேன். துறைமுக வாசலுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். ஒருவரும் இன்ஜினை அணைப்பதில்லை. முன்வண்டி நகர்ந்ததும் நாம் நகராவிட்டால் வேறொரு வண்டி மூக்கை நுழைத்துவிடும். அந்தப் பயத்தில் நிற்கிற நேரமெல்லாம் உறுமிக்கொண்டே நிற்பார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டும் எனக்குக் கண் எரிந்தது.

இதை மாற்றத்தான் சார் வண்டிகளுக்கு நம்பர் சீட்டு கொடுத்திருந்தார். கூப்பிடும்வரை இன்ஜினை அணைத்து வைக்கலாம், இடம் போகாது என்பது அவர் ஏற்பாடு. யாரும் நம்பவில்லை. "நம்பர வச்சு நாக்கு வழிக்கவா?" என்று எங்களுக்குப் பின்னால் நின்ற ஓட்டுநர் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

சார் எங்கள் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "புதுக்கோட்டை வண்டியா? நானும் அங்கிட்டுத்தாண்ணே. ஊர்க்காரன் சொல்றேன், அணைங்க." என் கணவர் தயங்கினார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. "எடம் போனா நான் பொறுப்பு. தங்கச்சி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து. நான் சொன்னேன். அவர் அணைத்தார்.

எங்கள் முறை வந்தது. சாவியைத் திருப்பினால் வண்டி முனகியதே தவிரக் கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். "அணைச்ச மகராசா, ஓரமாக் கெட!" என்று கத்திக்கொண்டே பின்வண்டிக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்து முன்னால் வரப் பார்த்தார். நான் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சார் காவலர் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து எங்கள் வண்டிக்கு முன்னாலிருந்த இடைவெளியில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்துறதா இருந்தா எம்மேல ஏத்துங்க. இந்த வண்டி எடம் போச்சுன்னா இனிமே ஒருத்தரும் இன்ஜினை அணைக்க மாட்டீங்க."

"சார், எந்திரிங்க சார், வெளையாடாதீங்க!"

"கத்துற நேரத்துல ஒரு வயரக் குடுங்கண்ணே. ஒங்க பேட்டரில நல்லா உசுரு இருக்கு, ஹாரன்லயே தெரியுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்வண்டிக்காரரே முணுமுணுத்துக்கொண்டு வயரை எடுத்துவந்து தன் பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்கு மாட்டினார். எங்கள் வண்டி கிளம்பிய பிறகுதான் சார் எழுந்தார்.

அன்றைக்கே எல்லாரும் மாறிவிடவில்லை. சாருக்குக் கோபமும் அதிகம். சொல்லியும் அணைக்காதவர்களின் சாவியைப் பிடுங்கிக்கொள்வார், பிறகு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பித் தருவார். மேலதிகாரிகளிடம் ஓயாமல் கேட்டுக் கேட்டு, லாரிகள் காத்திருக்கத் தனி மைதானமும் அதில் தண்ணீரும் கழிப்பறையும் வாங்கித் தந்தார். முறை வந்ததும் கைப்பேசிக்குத் தகவல் வரும்; அதன்பிறகு வாசலுக்குப் போனால் போதும் என்றாயிற்று. ஓட்டுநர்கள் இன்ஜினை அணைத்துவிட்டு வேப்பமர நிழலில் தூங்கினார்கள்.

டீசல் செலவு குறைந்ததை நான் கணக்கில் கண்டேன். நன்றி சொல்லப் போன் செய்தபோது, "டீசல் கெடக்கட்டும் தங்கச்சி, அண்ணனுக்கு மூச்சு எப்படி இருக்கு?" என்றார். பிறகு எப்போது பேசினாலும் அவருடைய முதல் கேள்வி அதுதான்.

அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள் திருவரங்குளம் சிவன் கோயிலில் மோட்ச தீபம் ஏற்றப் போனோம். குருக்கள் பெயர் கேட்டார். சொன்னேன். ஒரு கணம் என்னைப் பார்த்தவர், "சாமிக்குத் தெரியாதா யாருன்னு, ஏத்துங்கம்மா" என்றார்.

தீபத்தின் முன் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு இழுத்த நாளிலிருந்து மூச்சு எட்டாமல் விட்டிருந்த தேவாரப் பதிகத்தைப் பாடத் தொடங்கினார். நடுவில் இருமல் வந்துவிடுமோ என்று பயந்தபடியே நான் பக்கத்தில் நின்றேன். வரவில்லை. கடைசி அடியை இழுத்துப் பாடி நிறுத்தினார்.

மூச்சு நன்றாக இருக்கிறது, சார். போய் வாருங்கள்.